ஜில்போவா சிறையிலிருந்து தப்பிய ஆறு பேர்: ஆவணப்படம் குழியோடு நின்றுவிடுகிறதே?

கரிசல்மண்

2021 செப்டம்பர் 6-ஆம் தேதி விடியற்காலையில், வட இஸ்ரேலில் இருக்கும் ஜில்போவா சிறையிலிருந்து ஆறு பாலஸ்தீனக் கைதிகள் சுரங்கம் தோண்டி வெளியேறினார்கள். அதைப் பற்றிய ஒரு ஆவணப்படத்தை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பார்த்தேன். பார்த்துவிட்டு இரண்டு மணிவரை தூக்கம் வரவில்லை. யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தது. அதனால்தான் இந்த இழை.

படம் நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஜில்போவா 2004-இல் திறக்கப்பட்ட சிறை. காவல் மிகக் கடுமையானது என்பதால் 'பெட்டகம்' என்றே அதற்குப் பெயர். அந்தப் பெட்டகத்தின் ஐந்தாம் எண் அறையில், கழிப்பறைத் தரையில் ஒரு குழி. தோளை ஒடுக்கிக்கொண்டால்தான் ஒரு ஆள் இறங்க முடியும். கட்டிடம் தூண்கள்மேல் நிற்பதால் தரைக்கு அடியில் வெற்றிடம் இருந்திருக்கிறது. அதுவரை இறங்கிவிட்டால் அப்புறம் மண்தான். மதிலைத் தாண்டி, காவல் கோபுரத்துக்குக் கிட்டத்தட்ட கீழேயே, மண்சாலை ஓரத்தில் வெளியே வந்திருக்கிறார்கள். இதையெல்லாம் வரைபடம் போட்டு, சுரங்கத்தை அசைபடமாக்கி, மூச்சு முட்டுகிற மாதிரி இசை கொடுத்து முக்கால் மணி நேரம் காட்டுகிறார்கள்.

அப்புறம்? ஆறு பேரும் வெளியே வந்ததும் ஒரு நிலப்படம் வருகிறது. நாசரேத், ஷிப்லி, ஜெனின் என்று மூன்று சிவப்புப் புள்ளி. செப்டம்பர் 10-இல் இரண்டு பேர், 11-இல் இரண்டு பேர், 19-இல் கடைசி இரண்டு பேர் என்று எல்லோரும் பிடிபட்டார்கள். படம் முடிந்தது.

எனக்கு இதுதான் ஆறவில்லை. மஹ்மூத் அல்-அர்தா 1996-இலிருந்து உள்ளே இருந்தவர். இருபத்தைந்து வருடம். அவர் அந்தக் குழியிலிருந்து தலையை நீட்டியபோது என்ன பார்த்தார்? அந்த நாட்களில் எங்கே படுத்தார், எதைத் தின்றார், யாரைப் பார்த்துப் பயந்தார்? குழியைப் பற்றி ஒரு போலீஸ் அதிகாரி கேட்கக்கூடிய அத்தனை கேள்விக்கும் படத்தில் பதில் இருக்கிறது. ஆட்களைப் பற்றி ஒரு தாய் கேட்கக்கூடிய ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. பார்த்தவர்கள், படித்தவர்கள் சொல்லுங்கள்.

எடிட்டிங் மேசை

நானும் பார்த்தேன் கரிசல் அண்ணே. ஆதங்கம் புரிகிறது. தொழில் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

குழிக்குப் படம் இருக்கிறது. சிறை நிர்வாகமே புகைப்படம் வெளியிட்டது. உள்ளேயிருந்து எடுத்தது, வெளியேயிருந்து எடுத்தது, அதிகாரிகள் குனிந்து எட்டிப் பார்ப்பது எல்லாம் இருக்கிறது. தப்பியவர்கள் நடந்த வயலுக்கு என்ன படம் இருக்கிறது? ஒன்றும் இல்லை. பிடிபட்டதும் தனிமைச் சிறையில் போட்டுவிட்டார்கள். பேட்டி எடுக்க முடியாது. வழக்கறிஞர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னதுதான் நமக்குக் கிடைத்த ஒரே குரல். காட்சி இல்லாத இடத்தை எதைப் போட்டு மூடுவது என்பதுதான் எங்கள் மேசையில் தினமும் நடக்கும் போராட்டம். அவசரத்தில் நிலப்படத்தையும் இசையையும் போட்டு மூடிவிடுவோம். நானே செய்திருக்கிறேன், அது சரியில்லை என்று தெரிந்தே.

ஆனால் இந்தப் படத்தில் அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. வழக்கறிஞரை உட்காரவைத்து, அவர் குறிப்பேட்டைப் புரட்டிப் படிக்கும்போது அந்தச் சமவெளியை ராத்திரி நேரத்தில் வெறுமனே காட்டியிருக்கலாம். இசையே வேண்டாம். நாய் குரைக்கும், தூரத்தில் கார் போகும். அது போதும்.

வழக்காடி

ஸ்பூனால் தோண்டினார்கள், அவ்வளவுதான் என்ற மாதிரி எல்லோரும் பேசுவதால் சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மஹ்மூத் அல்-அர்தா தன் வழக்கறிஞர் ரஸ்லான் மஹாஜ்னாவிடம் சொன்னபடி, ஸ்பூன், தட்டு, கெட்டிலின் கைப்பிடி என்று கையில் கிடைத்ததை வைத்துத்தான் தோண்டியிருக்கிறார்கள். தொடங்கியது 2020 டிசம்பரில். அதாவது ஏறத்தாழ ஒன்பது மாதம். தோண்டுவதைவிடப் பெரிய பாடு தோண்டிய மண்ணை எங்கே போடுவது என்பது. கழிவுநீர்க் குழாயிலும் குப்பையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்திருக்கிறார்கள். ஒன்பது மாதம் தினமும் கணக்கெடுப்பு, சோதனை எல்லாம் நடக்கிற அறையில் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஒரு குழாய் அடைத்தால் நமக்கு ஒரு நாள் தாங்காது.

அடுத்தது, ஆறு பேரும் ஒரே இயக்கம் இல்லை. ஐந்து பேர் இஸ்லாமிய ஜிஹாத் அமைப்பைச் சேர்ந்தவர்கள்: மஹ்மூத் அல்-அர்தா, முகம்மது அல்-அர்தா, யாகூப் காதிரி, அய்ஹம் கமம்ஜி, முனாதில் இன்ஃபியாத். ஆறாவது ஆள் ஸகரியா ஸுபைதி, ஃபத்தா என்ற இன்னொரு பாலஸ்தீன இயக்கத்தைச் சேர்ந்தவர், மேற்குக் கரையில் இருக்கும் ஜெனின் அகதி முகாமில் அதன் ஆயுதப் பிரிவான அல்-அக்ஸா தியாகிகள் படையணியின் தளபதியாக இருந்தவர். அவர் தோண்டியவர் இல்லை. தப்புவதற்கு முதல் நாள்தான் அந்த அறைக்கு மாற்றம் கேட்டு வந்திருக்கிறார். ஆனாலும் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் அவர் முகம்தான்.

நிர்வாகத்தின் கோட்டை விட்ட கதையும் நிறைய இருக்கிறது. சிறையின் கட்டிட வரைபடம் இணையத்தில் கிடந்தது, கோபுரத்துக் காவலர் தூங்கிவிட்டார் என்றெல்லாம் இஸ்ரேலியப் பத்திரிகைகளே எழுதின. வயல்வெளியில் சந்தேகப்படும்படி ஆட்கள் போகிறார்கள் என்று வெளியாட்கள் போலீசுக்குப் போன் செய்த பிறகுதான் விஷயம் கிளம்பியது. நான்கு மணி வாக்கில் எண்ணிப் பார்த்தபோது ஆள் குறைந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி மெனாஹெம் ஃபிங்கெல்ஸ்டைன் தலைமையில் விசாரணை ஆணையம்கூடப் போட்டார்கள்.

2022 மே மாதம் நாசரேத் நீதிமன்றம் ஆறு பேருக்கும் கூடுதலாக ஐந்து வருடம் தண்டனை கொடுத்தது. உதவிய வேறு ஐந்து கைதிகளுக்கும் தண்டனை கிடைத்தது. அந்த ஐந்து பேரும் தப்பவில்லை. வாசல் திறந்திருக்கத் தெரிந்தும் உள்ளேயே இருந்து உதவியவர்கள். அவர்களைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

ஷார்ஜா ஜமால்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கரிசல் அண்ணன் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் என்னிடம் இருக்கிறது. எதைத் தின்றார்கள் என்று கேட்டீர்கள்.

முகம்மது அல்-அர்தா பிடிபட்ட பிறகு வழக்கறிஞரிடம் சொன்னது இது. வட இஸ்ரேலில் இருக்கும் மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளியில் நடந்து போகும்போது ஒரு தோட்டத்தில் சப்பாத்திக்கள்ளிப் பழம் பறித்துத் தின்றாராம். அத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. அதை அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் சைட்டில் ஒரு பாலஸ்தீன இன்ஜினியர் இருந்தார். குடும்பம் ஜெனின் பக்கம். அந்த இரண்டு வாரமும் மனிதர் போனைக் கீழே வைக்கவில்லை. கான்கிரீட் போடுகிற இடத்தில்கூட ஒரு கண் போனில்தான். தப்பிய செய்தி வந்த காலையில் எல்லோருக்கும் கனாஃபா இனிப்பு வாங்கிக் கொடுத்தார். பிடிபட்ட செய்தி வந்த அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் நான்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

இந்தக் கள்ளிப்பழ விஷயம் வந்தபோதுதான் அவர் வாய் திறந்தார். அரபியில் இந்தக் கள்ளிக்கு 'ஸப்ர்' என்று பேர். பொறுமைக்கும் அதே சொல்தான். நம்ம ஊரில் உம்மா 'சபுர் செய் மக்கா' என்று சொல்வாரே, அதே சபுர். இஸ்ரேல் உருவான 1948-இல் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட பாலஸ்தீன ஊர்களில் வீடு போய்விட்டது, கிணறு தூர்ந்துவிட்டது, வேலிக்கு வைத்த கள்ளி மட்டும் திரும்பத் திரும்பத் துளிர்க்கிறது என்றார். எங்கே கள்ளி வரிசையாக நிற்கிறதோ அங்கே ஒரு ஊர் இருந்தது என்று அர்த்தமாம். அவர் தாத்தா அப்படித்தான் வண்டியிலிருந்தே கை காட்டுவாராம்.

அங்கே ஜூலை தொடங்கி செப்டம்பர்வரை அந்தப் பழத்தின் பருவம். இவர்கள் சரியாக அந்த நேரத்தில் வெளியே வந்திருக்கிறார்கள்.

கரிசல்மண்

ஜமால் பாய், இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ரொம்ப நன்றி.

எங்கள் ஊர்ப் பக்கம் ஓடைக்கரை முழுக்கச் சப்பாத்திக்கள்ளிதான். அது வேறு இனம், பழம் ரத்தச் சிவப்பாக இருக்கும். மண்ணில் போட்டுப் புரட்டி, சுணையெல்லாம் போகத் தேய்த்து, உள்ளே இருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்துவிட்டுத் தின்போம். வாயெல்லாம் சிவந்துவிடும். அப்படியும் நாக்கில் ஒரு சுணை ஏறிவிட்டால் அன்றைக்கு முழுக்க உறுத்தும். பின்னால் தேடுதல் வேட்டை வருகிறது என்று தெரிந்தும் ஒரு மனிதன் நின்று, முள் குத்தாமல் பழத்தைப் பிடித்து, தோலை உரித்துத் தின்றிருக்கிறான் என்றால் அதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவசரத்தில் தின்னக்கூடிய பழம் இல்லையே அது. அந்த இரண்டு நிமிஷத்தை ஒரு படம் காட்டவேண்டாமா?

மறுகரை

மன்னிக்கவும், கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். யாரையும் புண்படுத்த இல்லை.

ஆறு பேரில் நான்கு பேர் ஆயுள் கைதிகள். அய்ஹம் கமம்ஜி 2006-இல் மேற்குக் கரையில் ஒரு பதினெட்டு வயதுப் பையனைக் கடத்திக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்றவர். யூதக் குடியேற்றத்தைச் சேர்ந்த பையன்தான். குடியேற்றங்கள் சட்டவிரோதம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பதினெட்டு வயது. அவனுக்கும் ஒரு அம்மா இருக்கிறார். நீங்கள் கள்ளிப்பழத்தைப் பற்றி உருகும்போது அந்த அம்மா இதைப் படித்தால் என்ன நினைப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆட்களைப் பற்றிப் படம் எடுக்கவேண்டும் என்கிறீர்கள். சரி. ஆளை முழுசாகக் காட்டினால் இதையும் காட்டவேண்டும் இல்லையா? குழியோடு நிறுத்திக்கொண்டால் இயக்குநருக்கு இந்தத் தலைவலி இல்லை. ஒருவேளை அதனால்கூட அவர் நிறுத்தியிருக்கலாம்.

வழக்காடி

மறுகரை சொல்வதில் நியாயம் இருக்கிறது. எந்த இயக்கத்தின் பெயரில் செய்தாலும் அந்தப் பையனைக் கொன்றது கொலைதான். படத்தில் அது வரவேண்டும், மழுப்பாமல் வரவேண்டும்.

கூடவே வரவேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. இந்த ஆட்கள் நின்றது ராணுவ நீதிமன்றத்தின் முன்னால். ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் யூதர் தப்பு செய்தால் சிவில் நீதிமன்றம், பாலஸ்தீனர் தப்பு செய்தால் ராணுவ நீதிமன்றம். அங்கே வழக்குகள் தண்டனையில் முடியும் விகிதம் 99 சதவீதத்துக்கு மேல். வழக்கே இல்லாமல் ஆறு ஆறு மாதமாக நீட்டிக்கொண்டே போகும் நிர்வாகக் காவல் தனி. ஆதாரம் ரகசியம் என்பார்கள், கைதியின் வழக்கறிஞருக்கும் காட்டமாட்டார்கள். 1967-இலிருந்து இந்தச் சிறைகளுக்குப் போய்வந்த பாலஸ்தீனர் எண்ணிக்கை எட்டு லட்சம் என்பது பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. அப்பா, சித்தப்பா, அண்ணன் என்று யாரும் சிறைக்குப் போகாத வீடு அங்கே அபூர்வம். இது தெரியாமல் பார்த்தால் ஏன் அன்றைக்குத் தெருவெல்லாம் ஸ்பூனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள் என்பது புரியாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் அந்தக் குழி வழியாக வெளியே வந்த மாதிரிதான் அவர்களுக்கு இருந்திருக்கும்.

நிலாச்சோறு

எல்லோரும் பேசுவதைப் படித்துக்கொண்டே வந்தேன். மறுகரைக்கும் கரிசல் அண்ணாவுக்கும் சேர்த்து ஒரே பதிலாக ஒரு படம் இருக்கிறது. 'ஆர்னாவின் குழந்தைகள்'. 2004-இல் வந்தது. ஜூலியானோ மேர்-காமிஸ், டேனியல் டேனியல் இருவரும் சேர்ந்து இயக்கியது. சிறையைப் பற்றிய படமே இல்லை. சுரங்கம் தோண்டப்படுவதற்குப் பதினாறு வருடம் முன்னால் வந்த படம். ஆனால் ஸகரியா ஸுபைதி யார் என்று தெரியவேண்டுமானால் அதைத்தான் பார்க்கவேண்டும்.

ஆர்னா யூதப் பெண். 1948 போரில் பல்மாக் என்ற யூதப் படையில் இருந்தவர். பிறகு சலீபா காமிஸ் என்ற பாலஸ்தீனக் கம்யூனிஸ்டைக் கல்யாணம் செய்துகொண்டார். முதல் இன்டிஃபாதா, அதாவது இஸ்ரேலிய ஆக்கிரமிப்பை எதிர்த்த பாலஸ்தீன மக்கள் எழுச்சிக் காலத்தில் பள்ளிக்கூடங்களை மூடிவைத்திருந்தபோது ஜெனின் முகாமுக்கு வந்து குழந்தைகளுக்குப் பாடமும் நாடகமும் சொல்லிக்கொடுத்தார். அந்த நாடக அரங்கு எங்கே இருந்தது தெரியுமா? ஸகரியாவின் அம்மா சமீரா தன் வீட்டு மேல்மாடியைக் கொடுத்தார். ஒரு யூதப் பெண்ணுக்கு, முகாமின் நடுவில், தன் வீட்டு மாடி.

படத்தின் தொடக்கத்திலேயே ஆர்னா வருவார். புற்றுநோய் சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டிப்போய், தலையில் கஃபியா என்ற பாலஸ்தீனத் துணியைக் கட்டிக்கொண்டு, சோதனைச் சாவடியில் நின்று சத்தம் போடுவார். 1995-இல் இறந்துவிட்டார். அவர் மகன் ஜூலியானோதான் அப்போதெல்லாம் கேமராவோடு கூடவே இருந்தவர். 2002-இல் ஜெனின் முகாமில் சண்டை முடிந்த பிறகு, அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று தேடிக்கொண்டு திரும்பப் போகிறார். படம் அதுதான்.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். அலா என்ற சின்னப் பையன். இடிக்கப்பட்ட தன் வீட்டின் கற்குவியல்மேல் உட்கார்ந்திருக்கிறான். அழவில்லை. பேசவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறான். அடுத்து அவனைப் பார்க்கும்போது அவன் கையில் துப்பாக்கி, 2002 சண்டையில் ஒரு குழுவுக்குத் தலைவன். அப்புறம் இறந்துபோகிறான்.

மறுகரை, நீங்கள் கேட்டதும் அதிலேயே இருக்கிறது. அதே நாடகக் குழுவில் சிரித்து நடித்த யூசுப் என்ற பையன் 2001 அக்டோபரில் ஹதேரா ஊரில் இன்னொருவனோடு சேர்ந்து தெருவில் சுட்டான். நான்கு பெண்கள் செத்தார்கள். ஜூலியானோ அதை மறைக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பள்ளிக்கூடத்தில் குண்டடிபட்ட ஒரு சின்னப் பெண்ணை யூசுப் தூக்கிக்கொண்டு ஓடியதையும் அவள் அவன் கையிலேயே இறந்ததையும் சொல்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். பார்த்துவிட்டு நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பிள்ளைகளில் மிஞ்சியவர்தான் ஸகரியா. 2002-இல் அவர் அம்மா சமீராவைச் சுட்டுக் கொன்றார்கள். கொஞ்ச நாளில் சகோதரர் தாஹாவும் போனார். நாடக அரங்கு இருந்த வீடும் இடிக்கப்பட்டது.

எடிட்டிங் மேசை

நிலா, நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள். கல்லூரியில் படிக்கும்போது எங்களுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். முன்னும் பின்னும் வெட்டுவதை எனக்குக் கற்றுக்கொடுத்த படமே அதுதான். மேடையில் ராஜா வேஷம் போட்டுக் கத்துகிற பையனைக் காட்டிவிட்டு, சட்டென்று சுவரொட்டியில் அதே முகம், தியாகி என்று. நடுவில் ஒரு விளக்கமும் கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். 2006-இல் ஜூலியானோவும் ஸகரியாவும் சேர்ந்து ஜெனினில் சுதந்திர நாடக அரங்கைத் தொடங்கினார்கள். 2007-இல் பொதுமன்னிப்பு கிடைத்து ஸகரியா ஆயுதத்தைக் கீழே வைத்தார். 2011 ஏப்ரல் 4-ஆம் தேதி முகமூடி போட்ட ஒருவன் ஜூலியானோவை அந்த அரங்குக்குப் பக்கத்திலேயே சுட்டுக் கொன்றான். அதே வருடக் கடைசியில் ஸகரியாவின் மன்னிப்பை இஸ்ரேல் ரத்து செய்தது. 2019-இல் கைது. கைதாகும்போது பிர்ஸெய்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர். ஆய்வுத் தலைப்பு என்ன தெரியுமா? தேடப்பட்டு, துரத்தப்பட்டு வாழ்ந்த பாலஸ்தீனர்களின் அனுபவம். அதை எழுதிக்கொண்டிருந்த மனிதன் இரண்டு வருடம் கழித்து ஜில்போவாவிலிருந்து வெளியே வந்து ஐந்து நாள் வயல்களில் ஒளிந்து திரிந்தான். சினிமாவில் எழுதினால் நம்பமாட்டோம் என்று ஒதுக்கிவிடுவோம்.

தாமரைக்குளம்

எனக்கு ஒரு சந்தேகம். நாசரேத்தில் பிடிபட்டபோது, அங்கே இருந்த அரபுக் குடும்பம் ஒன்றுதான் காட்டிக்கொடுத்தது என்று அப்போது வாட்ஸாப்பில் நிறையச் சுற்றியது. நானும் நம்பி நாலு பேருக்கு அனுப்பினேன். உண்மையா அது?

ஷார்ஜா ஜமால்

இல்லை அக்கா. அந்த வதந்தி அந்த மக்களை ரொம்பக் காயப்படுத்தியது. இன்ஜினியர்கூட முதல் நாள் அதை நம்பி நாசரேத்காரர்களைத் திட்டினார். அப்புறம் மஹ்மூத் அல்-அர்தாவே வழக்கறிஞர் மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்: யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, ஒரு போலீஸ் வண்டி தற்செயலாக அந்தப் பக்கம் வந்தது, எங்களைப் பார்த்து நின்றது, அவ்வளவுதான் என்று. நாசரேத் நீதிமன்றத்துக்கு வெளியே கூடி நின்றவர்கள் எழுப்பிய சத்தம் உள்ளே கேட்டது, மனசுக்குத் தெம்பாக இருந்தது என்றும் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். முதல் ராத்திரி நவூரா என்ற கிராமத்துப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு, அங்கிருந்து இரண்டு இரண்டு பேராகப் பிரிந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு இஸ்ரேலுக்குள் இருக்கும் அரபு ஊர்களுக்குள் நுழைவதைக் கூடியவரை தவிர்த்திருக்கிறார்கள். கதவைத் தட்டினால் சோறு போட ஆள் இருந்திருக்கும். ஆனால் சோறு போட்டவரைப் பின்னால் போலீஸ் பிடிக்குமே என்று தட்டவில்லை. தோட்டத்துப் பழத்தைத் தின்றதற்குக் காரணமே அதுதான் அக்கா.

கடைசியில் பிடிபட்ட கமம்ஜியும் இன்ஃபியாத்தும் ஜெனின் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆறு பேரில் அவர்கள் மட்டும்தான் ஊர் எல்லையைத் தொட்டவர்கள். ராணுவம் வீட்டைச் சுற்றி வளைத்ததும் கமம்ஜி அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறார். வீட்டுக்காரர்களுக்கு ஆபத்து வரக்கூடாது, அதனால் சரணடைகிறேன் என்று சொன்னதாக அந்த அப்பாவே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.

மறுகரை

இது எனக்குத் தெரியாது ஜமால் பாய். பதினெட்டு வயதுப் பையனைக் கொன்ற அதே மனிதரா இது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். என் கருத்து மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் கேட்கிற படத்தை நானும் பார்க்க விரும்புகிறேன்.

தாமரைக்குளம்

அன்றைக்கு அனுப்பிய நாலு பேருக்கும் இப்போது திருத்தி அனுப்பிவிட்டேன். மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனாலும் அனுப்பினேன்.

வழக்காடி

தப்பித்தவர்களைப் பற்றியே பேசுகிறோம். தப்பாமல் உள்ளே இருந்தவர்களும் அடி வாங்கினார்கள். இஸ்லாமிய ஜிஹாத் கைதிகளைச் சிறை சிறையாகப் பிரித்து மாற்றினார்கள். அதை எதிர்த்துச் சில சிறைகளில் கைதிகள் அறைகளுக்குத் தீவைத்தார்கள். 1,380 பேர் உண்ணாவிரதம் தொடங்கப்போவதாக அறிவித்தார்கள். நிர்வாகம் தண்டனைகளைத் திரும்பப் பெற்ற பிறகுதான் அது கைவிடப்பட்டது. தப்பியவர்களின் சொந்தக்காரர்கள் ஊரில் கைதானார்கள். ஸுபைதி பிடிபட்டபோது அடித்ததில் தாடையும் விலா எலும்பும் முறிந்ததாக அவர் வழக்கறிஞர் சொன்னார். முகம் வீங்கிய புகைப்படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

பழைய கதை ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன், எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. ஜில்போவாவை ஒட்டியே ஷத்தா என்று ஒரு பழைய சிறை. 1958 ஜூலை 31-இல் அங்கே கலகம் வெடித்து 66 கைதிகள் வெளியேறினார்கள். பதினொரு கைதிகளும் இரண்டு காவலர்களும் இறந்தார்கள். அப்புறம் 1987 மே மாதம் காஸா மத்தியச் சிறையிலிருந்து ஆறு பேர் தப்பினார்கள். ஆறு பேர் என்பது அங்கேயும். அவர்களில் சிலர் அக்டோபரில் ஷுஜாயியா மோதலில் இறந்தபோது எழுந்த கொதிப்பு அடங்குவதற்குள் டிசம்பரில் முதல் இன்டிஃபாதா தொடங்கிவிட்டது. 2014-இலேயே மஹ்மூத் அல்-அர்தா ஒரு சுரங்கம் தோண்டிப் பிடிபட்டவர். அந்த ஆள் மறுபடி தோண்டுவார் என்று நிர்வாகத்துக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கரிசல்மண்

நேற்று 'ஆர்னாவின் குழந்தைகள்' பார்த்தேன் நிலா. வீட்டில் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மொழி புரியவில்லை, நான் அவ்வப்போது சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தப் பையன் கற்குவியல்மேல் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அம்மா கேட்டார், "சாப்பிட்டானா அவன்?" என்று. என்னிடம் பதில் இல்லை.

ஸகரியா இப்போது எங்கே இருக்கிறார்?

நிலாச்சோறு

2025 ஜனவரி 30-இல் போர்நிறுத்தக் கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையாகி ரமல்லாவுக்கு வந்தார். கூட்டம் தோளில் தூக்கிக்கொண்டது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். அவர் உள்ளே இருந்தபோது தம்பி தாவூத் 2022-இல் குண்டடிபட்டு இறந்தார். மகன் முகம்மது 2024 செப்டம்பரில் தூபாஸில் ட்ரோன் தாக்குதலில் கொல்லப்பட்டான். விடுதலைக்கு ஒன்பது நாள் முன்னால், ஜனவரி 21-இல், ஜெனின் முகாமுக்குள் ராணுவம் இறங்கி மக்களை வெளியேற்றத் தொடங்கிவிட்டது. சுரங்கம் வழியாக வந்தபோதும் ஊருக்குப் போக முடியவில்லை. வாசல் வழியாக வந்தபோதும் முகாமுக்குப் போக முடியவில்லை.

ஷார்ஜா ஜமால்

இன்ஜினியர் இப்போது அம்மான் போய்விட்டார். இந்த இழையைப் பற்றிச் சொன்னேன். தமிழில் இவ்வளவு பேர் இதைப் பேசுகிறார்களா என்று ஆச்சரியப்பட்டார். கள்ளிப்பழம் தமிழில் என்ன பேர் என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். 'சப்பாத்தி' என்ற பகுதி மட்டும் அவர் வாயில் நன்றாக வருகிறது.

எடிட்டிங் மேசை

ஒரு யோசனை. கரிசல் அண்ணன் அம்மா மாதிரி எத்தனையோ பேர் மொழி தெரியாமல் இருக்கிறார்கள். 'ஆர்னாவின் குழந்தைகள்' படத்துக்குத் தமிழில் வசனம் ஓடவிட்டால் என்ன? உரிமை வைத்திருப்பவர்களுக்கு எழுதிக் கேட்கிறேன். ஒத்துக்கொண்டால் ஜமால் பாய் அரபிப் பகுதியைக் கேட்டுத் திருத்தித் தரமுடியுமா? நிலா தமிழைப் பாருங்கள். நேரக்கணக்கு, எழுத்து எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். 84 நிமிஷப் படம்தான்.

ஷார்ஜா ஜமால்

தருகிறேன், இன்ஷா அல்லாஹ். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. ஜெனின் முகாமில் பேசுகிற பேச்சு எனக்குச் சில இடத்தில் பிடிபடாது, அதற்கு அம்மானுக்குப் போன் போட்டுக்கொள்கிறேன்.

நிலாச்சோறு

நான் தயார். முதல் இருபது நிமிஷத்தை இந்த வாரமே ஆரம்பித்துவிடுகிறேன்.